வேலிக்குள் போன தண்ணீர்

கலிஃபோர்னியாவின் கொல்லைப்புற நீச்சல் குளங்களுக்கு வளைவு கொடுத்தவர், செத்த யானைகளைப் பாடம் செய்துகொண்டிருந்த ஒரு மனிதர். பெயர் கார்ல் ஏக்லி. சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் வேலை. அந்த அருங்காட்சியகம் அப்போது 1893 உலகக் கண்காட்சிக்காக எழுப்பிய கட்டடம் ஒன்றில் இருந்தது. கண்காட்சி முடியும்வரை தாங்கினால் போதும் என்று பூசிய வெளிப்பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய 1907-இல் ஏக்லி ஒரு கருவி செய்தார். மணலும் சிமெண்டும் உலர்ந்த கலவையாக ஒரு குழாய் வழியே காற்றழுத்தத்தில் பறந்து வரும்; வாய்ப்பக்கத்தில் தண்ணீர் சேரும்; சுவரில் அறைந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். 1911-இல் காப்புரிமை கிடைத்தது. அந்தப் பூச்சுக்கு ‘கனைட்’ என்று வணிகப் பெயர் வந்தது. ஏக்லி பாடம் செய்த இரண்டு ஆப்பிரிக்க யானைகள் மோதிக்கொள்ளும் கோலத்தில் அந்த அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில் இன்னும் நிற்கின்றன. அவருடைய இன்னொரு கைவேலை இந்த மாநிலத்தில் வீடு வீடாகப் புதைந்து கிடக்கிறது.

கனைட் வருவதற்கு முன்னால் நீச்சல் குளம் கட்டுவது பணக்கார வேலை. பலகை அடித்து, இடையில் கான்கிரீட் ஊற்றி, இறுகிய பிறகு பலகையைப் பிரிக்க வேண்டும். அதனால் குளங்கள் செவ்வகமாகவும் சுவர்கள் செங்குத்தாகவும் இருந்தன. கனைட்டுக்குப் பலகை வேண்டாம். விரும்பிய வடிவில் குழி தோண்டு, கம்பி கட்டு, பீய்ச்சு. மண்ணே அச்சு. தரையும் சுவரும் மூலை இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிச் சேரும். சாக்ரமெண்டோவில் நாங்கள் வாங்கிய வீட்டின் கொல்லையில் இருப்பதும் அப்படி ஒரு முந்திரிப்பருப்பு வடிவக் குளம்தான். தோண்டியது 1961-இல். அனுமதி அட்டையின் நகல் நகராட்சியில் கிடைத்தது.

வீட்டின் முந்தைய உரிமையாளர் முதியோர் இல்லத்துக்குப் போனபின் வீடு சில ஆண்டுகள் பூட்டிக் கிடந்திருக்கிறது. மோட்டார் துருவேறி இறுகிவிட்டது. ஓக் மரச் சருகு அடியில் முழங்கால் ஆழத்துக்கு மக்கிக் கிடந்தது. தண்ணீர் பச்சை, ஆழமான பக்கத்தில் கறுப்பு. அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்த அம்மா கரையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஏட்டி, உள்ள தவக்களை கெடக்கு. இவ்வளவு தண்ணிய ஒத்த வீட்டுக்குன்னு எதுக்குக் கட்டுனாங்க?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் பழைய கதைகளுக்குள் போனேன். சருகை அள்ளும் வேலையும் படிக்கும் வேலையும் ஒன்றாகவே நடந்தன.

முதல் பதில் வெயில். இந்தப் பள்ளத்தாக்கில் ஜூலை, ஆகஸ்டில் 40 டிகிரியைத் தொடும் நாட்களும் உண்டு. இரண்டாவது, தண்ணீர் மலிவு. சாக்ரமெண்டோ நகரச் சாசனத்தில் 1920-இல் ஒரு திருத்தம் சேர்த்து, வீடுகளுக்குத் தண்ணீர் மீட்டர் வைப்பதையே தடை செய்திருந்தார்கள். இரண்டு ஆறுகள் கூடுகிற ஊர், அளந்து கொடுப்பானேன் என்ற நினைப்பு. மாதக் கட்டணம் ஒன்றுதான். எத்தனை ஆயிரம் லிட்டர் பிடித்தாலும் அதே தொகை. 2025-க்குள் எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தாக வேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டது 2004-இல்தான். எங்கள் குளம் 75,000 லிட்டர் கொள்ளும். அதை முதன்முதலில் நிரப்பியவர் அதற்கென்று தனியாக ஒரு காசு கட்டியிருக்க மாட்டார்.

மூன்றாவது, அழகு. 1948-இல் சோனோமாவில் டானல் குடும்பத்தின் தோட்டத்துக்குத் தாமஸ் சர்ச் என்ற தோட்டக் கலைஞர் வளைந்து நெளிந்த ஒரு குளம் அமைத்தார். நடுவில் அடலின் கென்ட் செய்த சிற்பம். நீந்துபவர்கள் அதன்மேல் ஏறிப் படுத்துக்கொள்ளலாம். குளத்துக்கு அப்பால் கீழே சதுப்பு நிலத்தில் ஓடை வளைந்து போகும். குளத்தின் கோடு அந்த ஓடையின் கோட்டோடு பேசுகிறது. நான் பார்த்த படங்களில் மிக அழகான நீர்நிலைகளில் அது ஒன்று. அந்தப் படங்கள் பத்திரிகைகளில் வந்தபின் மேற்குக் கரை முழுக்க அந்த வடிவத்தைப் பார்த்துப் பார்த்துத் தோண்டினார்கள். எதிரே சதுப்பு நிலம் இல்லாத, நாலு பக்கமும் மர வேலி நிற்கும் கொல்லைகளிலும் அதே வளைவு வந்தது.

1950-இல் அமெரிக்கா முழுவதும் வீட்டோடு சேர்ந்த, தரையில் தோண்டிய நீச்சல் குளங்கள் சுமார் 2,500. 1999-இல் 40 லட்சம். இந்தக் கணக்கைச் சொல்லும் ஜெஃப் வில்ட்ஸ் என்ற வரலாற்றாசிரியர் அமெரிக்கப் பொது நீச்சல் குளங்களைப் பற்றி 2007-இல் ஒரு நூல் எழுதினார். அதைப் படித்தபிறகுதான் வெயில், தண்ணீர், அழகு என்று நான் அடுக்கிய மூன்றும் போதாது என்று பட்டது.

1920-களிலும் 30-களிலும் அமெரிக்க நகரங்கள் பொதுக் குளங்களைப் போட்டி போட்டுக்கொண்டு கட்டின. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் இறங்கும் அளவுக்குப் பெரியவை அவற்றில் உண்டு. முன்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி நாள் என்று இருந்தது. இப்போது சேர்ந்தே குளிக்கலாம் என்றார்கள். அப்போதே கறுப்பினத்தவரை வெளியே நிறுத்தினார்கள். தெற்கில் மட்டும் நடந்ததல்ல இது. கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் 1914-இல் திறந்த புரூக்சைடு குளத்தில் வெள்ளையர் அல்லாதவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள். அந்த நாள் முடிந்ததும் தண்ணீர் முழுவதையும் வடித்துவிட்டு மறுபடி நிரப்புவார்கள். பின்னாளில் பேஸ்பால் வரலாற்றையே மாற்றிய ஜாக்கி ராபின்சன் வளர்ந்த ஊர் அது. அவரும் அந்த ஒரு நாளுக்குக் காத்திருந்த பிள்ளைகளில் ஒருவர்.

வடித்துவிட்டு நிரப்புவது. இதைப் படித்த இடத்தில் எனக்குப் புத்தகத்தை மூடி வைக்க வேண்டியிருந்தது. 1927 மார்ச் 20 அன்று மகாடு ஊரின் சவதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அதன்பின் அந்த ஊரின் ஆதிக்கச் சாதியினர் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் ஊற்றிக் குளத்தைத் ‘தீட்டுக் கழித்தார்கள்’. தாமிரபரணிக் கரையில் நான் வளர்ந்த பக்கத்திலும் சாதிக்கொரு படித்துறை உண்டு. இன்ன படியில் இன்னார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். தண்ணீரைத் தொட்டவனை வைத்துத் தண்ணீரை மதிப்பிடும் பழக்கம் அமெரிக்காவில் எனக்குப் புதிதாகத் தெரிந்த ஒன்றல்ல.

மாற்றம் வழக்கு போட்டுத்தான் வந்தது. சான் பெர்னார்டினோவில் பூங்காக் குளத்துக்குள் மெக்சிக வம்சாவளியினரை விடவில்லை. இக்னாசியோ லோபஸ் என்ற பத்திரிகையாசிரியரும் மற்றவர்களும் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1944-இல் நீதிபதி அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். செயின்ட் லூயிஸ் நகரில் 1949 ஜூன் 21 அன்று ஃபேர்கிரவுண்ட் பூங்காக் குளத்தில் முதன்முறையாகக் கறுப்பினப் பிள்ளைகள் இறங்கினார்கள். வெளியே கூட்டம் கூடியது; அன்று மாலைக்குள் கம்பும் மட்டையுமாக அடிதடி. குளங்கள் சட்டப்படி எல்லோருக்கும் திறந்த இடங்களில் வெள்ளையர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். சில நகரங்கள் குளத்தில் மண்ணை நிரப்பி மூடின. வசதி உள்ளவர்கள் புறநகருக்குப் போனார்கள், அங்கே கொல்லையில் தோண்டினார்கள். 2,500 என்பது 40 லட்சமானதற்கு இதுவும் காரணம் என்பது வில்ட்ஸின் வாதம். நான் அதை ஏற்கிறேன், ஏனென்றால் சான்று என் கையில் இருந்தது.

வீட்டுப் பத்திரக் கட்டில் அந்த மனைப்பிரிவின் பழைய நிபந்தனைகள் இணைந்திருந்தன. மனை பிரித்தது 1940-களின் தொடக்கத்தில். வேலி எத்தனை அடி, கோழி வளர்க்கலாமா என்பதற்கெல்லாம் நடுவில் ஒரு பத்தி: வெள்ளை இனத்தவர் அல்லாத எவரும் இந்த மனையை வாங்கவோ இங்கே வசிக்கவோ கூடாது, வீட்டு வேலைக்காரராகத் தங்கினால் மட்டும் விலக்கு. முதல் பக்கத்தில், இப்படிப்பட்ட நிபந்தனை ஏதும் இருந்தால் அது செல்லாது என்று ஒரு முத்திரை குத்தியிருந்தார்கள். 1948-லேயே உச்ச நீதிமன்றம் இவற்றை எந்த நீதிமன்றமும் நடைமுறைப்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஆனாலும் 1963-இல் வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தைக் கலிஃபோர்னியா கொண்டுவந்தபோது, அடுத்த ஆண்டே பொது வாக்கெடுப்பு வைத்து, வாக்களித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அதை முடக்கினார்கள். அந்த முடக்கத்தை உச்ச நீதிமன்றம் 1967-இல் நீக்கியது. எங்கள் குளம் அதற்குள் ஆறு கோடைகளைப் பார்த்துவிட்டது. அந்தப் பத்தியை நீக்கக் கோரி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். அதற்கென்று தனிப் படிவம் இருக்கிறது, கட்டணம் இல்லை.

வேலி போட்டுத் தனியாக்கிய தண்ணீர் தனியாகவே இருந்துவிடாது என்பதையும் இந்த மாநிலம் பார்த்திருக்கிறது. 2007-இல் வீட்டுக் கடன் நெருக்கடி வந்தபோது கெர்ன் கவுண்டியின் பேக்கர்ஸ்ஃபீல்டில் தவணை தவறியதற்கான அறிவிப்புகள் 300 சதவீதம் கூடின. குடும்பங்கள் சாவியை வங்கியிடம் கொடுத்துவிட்டுப் போயின. மின்சாரம் துண்டித்ததும் மோட்டார் நின்றது, குளங்கள் பச்சையாயின. வானிலிருந்து எடுத்த படம் ஒன்றில் தெரிந்த குளங்களிலும் தொட்டிகளிலும் 17 சதவீதம் பச்சை. க்யூலெக்ஸ் கொசு பெருகியது. அந்தக் கோடையில் அங்கே வெஸ்ட் நைல் காய்ச்சல் கண்டவர்களின் எண்ணிக்கை 276 சதவீதம் உயர்ந்தது. கொசுவுக்கு ஐந்தடி வேலி ஒரு பொருட்டா? கடனைக் கட்டி, குளத்தைச் சுத்தமாக வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரரையும் அது கடித்தது.

வீட்டுக்குக் குடிவந்தது குளிர்காலக் கடைசியில். உடனே தண்ணீரை இறைத்துவிட முடியாது. மழைக்காலத்தில் இங்கே நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். உள்ளே எடை இல்லாவிட்டால் அடியிலிருந்து நீர் உந்தி, முழுக் குளத்தையும் தரையை விட்டுக் கிளப்பிவிடும். அடிமடையில் அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்று இருக்கும். அறுபது வருடத்து வால்வை நம்பி யாரும் இறங்க மாட்டார்கள். மண் காயும்வரை பொறுக்க வேண்டும். அதுவரை கொசுவுக்கு என்ன செய்வது? வட்டாரக் கொசு ஒழிப்பு வாரியத்தில் சொன்னேன். ஒரு பணியாளர் வாளியோடு வந்து கம்பூசியா மீன்களை விட்டுவிட்டுப் போனார். இலவசம்தான். விரல்நுனி அளவு மீன். நீர்ப்பரப்பை ஒட்டியே திரியும், வாய் மேல்நோக்கி இருக்கும், கூத்தாடிப்புழுவை ஒவ்வொன்றாகப் பொறுக்கும். டெக்சாஸிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு இந்த மீன் வந்தது 1922-இல். முதலில் விட்ட இடம் இதே சாக்ரமெண்டோவில், சட்டர் கோட்டையின் அல்லிக்குளம். ஆறு ஆண்டு கழித்து இந்தியாவுக்கும் போனது. மலேரியா ஒழிப்புக்காக நம் ஊர்க் கிணறுகளில் விடுகிறார்களே, அதே மீன். அம்மாவுக்கு அது பழகிய முகம். ஆற்றில் மட்டும் விட்டுவிடாதீர்கள், தவளை முட்டையையும் மற்ற மீன்குஞ்சையும் தின்று தீர்த்துவிடும் என்று அந்தப் பணியாளர் அழுத்திச் சொன்னார். பிறகு குளத்தை இறைத்தபோது அவற்றை வலைபோட்டுப் பிடித்துப் பக்கத்துத் தெருவில் ஒருவரின் அல்லித்தொட்டிக்குக் கொடுத்தோம்.

தண்ணீர் இல்லாத குளத்துக்கும் இங்கே ஒரு வரலாறு உண்டு. 1976, 77-இல் கடும் வறட்சி. தெற்குக் கலிஃபோர்னியாவில் காய்ந்துபோன குளங்களில் சான்டா மோனிகா, வெனிஸ் பையன்கள் வேலி ஏறிக் குதித்து ஸ்கேட்போர்டு ஓட்டினார்கள். செங்குத்துச் சுவராக இருந்திருந்தால் அது முடிந்திருக்காது. ஏக்லியின் பீய்ச்சல் கொடுத்த வளைவில்தான் சக்கரம் சுவரேறியது. 2008-இல் ஃபிரெஸ்னோவில் வங்கி எடுத்துக்கொண்ட வீடுகளின் பச்சைத் தண்ணீரை அவர்களுடைய அடுத்த தலைமுறை மோட்டார் கொண்டுவந்து இறைத்துவிட்டு ஓட்டியது.

கோடைக் கடைசியில் இறைத்தோம். மூழ்கு மோட்டார் போட்டு, தெரு ஓடைக்கு விடாமல் சாக்கடைக் குழாய்க்கு. காய்ந்தபின் மேஸ்திரி வந்து ஒரு இரும்புக் கம்பியால் சுவரைத் தட்டிக்கொண்டே சுற்றினார். கெட்டியான இடத்தில் ‘ணங்’, பூச்சு விட்டுப்போன இடத்தில் ‘தொப்’. பாதிக்கு மேல் ‘தொப்’. பழைய பூச்சைக் கொத்தி எடுத்தபோதுதான் அடியில் கனைட்டை முதன்முதலாகப் பார்த்தேன். கரடுமுரடான சாம்பல் நிறம். பீய்ச்சியவர் கை வீசிய வீச்சு அப்படியே வரிவரியாக நிற்கிறது. இரண்டு இடங்களில் கம்பி துருவேறி வெளியே கறை விட்டிருந்தது. அதை வெட்டிச் சரிசெய்தார்கள்.

பூச்சு நாளன்று வந்த குழுவில் பெரும்பாலானவர்கள் மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்துக்காரர்கள். வெள்ளைச் சிமெண்டும் சலவைக்கல் பொடியும் கலந்த சாந்து. ஒருவர் குழாயைப் பிடித்து அடிக்க, பின்னாலேயே நால்வர் கரணையால் இழைத்துக்கொண்டு வருகிறார்கள். ஈரப்பூச்சின்மேல் நடக்கச் செருப்புக்கு அடியில் ஆணிகள். நின்று பேச நேரம் கிடையாது. ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் ஈரமாக இருந்தால் தழும்பு விழும். மேஸ்திரியிடம் மதியம் நான் சான் பெர்னார்டினோ வழக்கைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, தன் மாமா ஒருவர் அந்தப் பக்கம் ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை பார்த்ததாகவும், குளத்துக்குள் விடமாட்டார்கள் என்பதால் கால்வாயில்தான் குளித்ததாகவும் சொன்னார். பிறகு கரணையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

மாலையே தண்ணீர் விட வேண்டும். ஹோஸ் முனையில் துணி சுற்றி, ஆழமான இடத்தில் வைத்தார்கள், நீர் விழுந்து பூச்சைக் குழி பறிக்காமல் இருக்க. நிறைகிறவரை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அந்த மட்டத்தில் வளையமாகக் கோடு விழுந்துவிடும், பிறகு போகாது. இரவு முழுக்க ஓடியது. வாசலில் மீட்டரும் ஓடியது. அது நியாயம் என்றுதான் நினைக்கிறேன்.

வடிகட்டிக்குப் போடும் வெள்ளைப் பொடி டயாட்டம் மண். கோடிக்கணக்கான நுண்பாசிகளின் சிலிக்கா ஓடு. இதே மாநிலத்தின் லோம்பாக்கில் வெட்டுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் சிப்பாய்களுக்குச் சீதபேதி வராமல் குடிநீரை வடிக்க ராணுவம் பயன்படுத்திய முறை, போர் முடிந்ததும் நீச்சல் குளங்களுக்கு வந்தது.

புதுப் பூச்சு பல வாரங்களுக்குச் சுண்ணாம்பு கக்கும். தண்ணீரின் பிஎச் ஏறிக்கொண்டே போகும். அதை இறக்க மியூரியாட்டிக் ஆசிட் ஊற்ற வேண்டும். நம் ஊரில் குளியலறைத் தரை கழுவ விற்கிறார்களே, அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். காற்றுக்கு எதிர்ப்பக்கம் நிற்காமல், கையுறையோடு, ஓடும் நீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவேன். 1964 ஜூன் 18 அன்று ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரில் மான்சன் மோட்டார் லாட்ஜ் என்ற விடுதியின் குளத்தில் கறுப்பினத்தவரும் வெள்ளையருமாகச் சில போராட்டக்காரர்கள் சேர்ந்து குதித்தார்கள். ஒரு வாரத்துக்கு முன் அதே விடுதி வாசலில்தான் மார்ட்டின் லூதர் கிங் கைதாகியிருந்தார். விடுதி மேலாளர் இந்த அமிலத்தைக் கொண்டுவந்து, அவர்கள் நீந்திக்கொண்டிருக்கும்போதே குளத்தில் ஊற்றினார். அப்போது எடுத்த புகைப்படத்தில் ஒரு பெண் வாய் திறந்து அலறுகிறாள். மேலாளர் குனிந்து கேனைக் கவிழ்க்கிறார். அவ்வளவு நீரில் கலந்த அமிலம் தோலைச் சுடவில்லை. நோக்கம் அதனால் குறைந்துவிடாது. மறுநாள் குடிமை உரிமைகள் சட்டம் செனட்டில் நிறைவேறியது. ஜூலை 2-இல் சட்டமானது. கேனைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தப் படம் நினைவுக்கு வருகிறது. வரவேண்டும் என்றுதான் விரும்புகிறேன்.

இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் கறுப்பினப் பாட்டி லூசியானாவில் பிறந்தவர். அவருக்கு நீச்சல் தெரியாது. அவருடைய அம்மாவுக்கும் தெரியாது. அவர் சின்னப் பெண்ணாக இருந்த ஊரில் ஒரே ஒரு குளம்தான், அதில் விட மாட்டார்கள். பிறகு அதையும் மூடிவிட்டார்களாம். தண்ணீர் என்றால் விலகி நில் என்றே பிள்ளைகளையும் வளர்த்தார். அமெரிக்காவில் நீச்சல் குளங்களில் மூழ்கிச் சாகும் கறுப்பினச் சிறுவர்களின் விகிதம் வெள்ளையினச் சிறுவர்களுடையதைவிடப் பல மடங்கு அதிகம். அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று அவரிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவருடைய பேரப்பிள்ளைகள் இருவர் சனிக்கிழமை காலையில் எங்கள் கொல்லைக்கு வருகிறார்கள். சொல்லிக்கொடுக்க முறையாகப் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணை இரண்டு வீட்டாரும் சேர்ந்து பேசி வைத்திருக்கிறோம். என் மகளும் அவர்களோடு கற்கிறாள். சட்டப்படி ஐந்தடி வேலி, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு, குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் எல்லாம் போட்டாயிற்று. பாட்டி கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தலைகளை எண்ணிக்கொண்டே இருக்கிறார். அடுத்த கோடையில் தானும் இறங்கப்போவதாகப் போன வாரம் சொன்னார். ஆழம் குறைந்த பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடிக் கம்பி வேண்டும் என்றார். மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன்.